கிளிக்குக்குப் பணம் கட்டும் விளம்பரம்: சிறுதொழில் செய்பவரின் பணம் எங்கே கசிகிறது?

பழுதுபார்ப்பவர்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் சிறிய தொழில் என்னுடையது. தேடல் பக்கத்தில் வரும், கிளிக்குக்குப் பணம் கட்டும் விளம்பரத்தைச் சில மாதங்களாக நடத்தி வருகிறேன். கிளிக்குகளுக்குக் குறைவே இல்லை. அன்றைய பட்ஜெட் பிற்பகலுக்குள் தீர்ந்துவிடுகிறது. ஆனால் வரும் அழைப்புகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. சில நாட்களில் நான் குறித்துவைத்த தினசரித் தொகையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு செலவாகியிருக்கிறது. போட்டியாளர் யாரோ வேண்டுமென்றே என் விளம்பரத்தைக் கிளிக் செய்து பணத்தைக் கரைக்கிறார் என்றே நினைக்கிறேன். போலிக் கிளிக்குகளைத் தடுப்பதாகச் சொல்லும் மென்பொருள் ஒன்றுக்குச் சந்தா கட்டலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

விளம்பரப் பணியாளர்:

சந்தா கட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் ஒன்று குறையே அல்ல. மற்றவற்றுக்குப் போட்டியாளரைவிட எளிய காரணங்கள் இருக்கக்கூடும்.

முதலில் இரண்டு மடங்குச் செலவைப் பார்ப்போம். கூகுளின் விளம்பரத் தளமான கூகுள் ஆட்ஸில் நீங்கள் குறிப்பது ஒரு நாளுக்கான உச்சவரம்பு அல்ல, சராசரி. தேடுவோர் அதிகமாக இருக்கும் நாளில் அந்தச் சராசரியின் இரண்டு மடங்குவரை செலவழிக்க 2017 அக்டோபரிலிருந்து அந்தத் தளம் தனக்கு இடம் வைத்துக்கொண்டிருக்கிறது. மாதக் கணக்கில் மட்டும் அது தினசரித் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. ஆகவே ஒரு நாளின் செலவைக் கண்டு பதற வேண்டியதில்லை; ஆனால் வெறும் 10 நாட்களுக்கு மட்டும் விளம்பரம் நடத்திவிட்டு நிறுத்த எண்ணுபவர் இந்த விதியை அறிந்திருக்கவில்லையென்றால் கணக்கு இடிக்கக்கூடும்: மாதக் கணக்கில் ஈடாகும் முன்பே விளம்பரம் நின்றுவிடும்.

போலிக் கிளிக்குகள் கற்பனை அல்ல. அதுகுறித்து அமெரிக்காவில் விளம்பரதாரர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2006இல் கூகுள் 9 கோடி டாலர்வரை ஈடு தர இணங்கியது. ஆனாலும் சிறிய கணக்குகளைத் திறந்து பார்க்கும்போது நான் முதலில் காண்பது மோசடியை அல்ல. உண்மையான மனிதர்கள், நல்ல எண்ணத்தோடு, முற்றிலும் வேறொன்றைத் தேடி வந்து செய்த கிளிக்குகளையே காண்கிறேன். தேடல் சொற்கள் அறிக்கை என்று ஒரு பகுதி உங்கள் கணக்கில் இருக்கிறது. எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்த சொற்களான கீவேர்டுகளின் பட்டியல் வேறு, இது வேறு. மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்தபோது உங்கள் விளம்பரம் தோன்றியது என்பதை இந்த அறிக்கைதான் காட்டும். அதைச் செலவின் வரிசையில் அடுக்கிப் படித்துவிட்டு, கண்ணில் பட்டதை இங்கே எழுதுங்கள்.

பழுதுபார்ப்பவர்:

பார்த்தேன். நான் கொடுத்திருந்த கீவேர்டு ‘ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பு’ என்பதுதான். அறிக்கையில் இருப்பவை இவை: ‘ஃபிரிட்ஜ் மெக்கானிக் பயிற்சி வகுப்பு’, ‘ஃபிரிட்ஜ் மெக்கானிக் வேலை’, ‘ஃபிரிட்ஜ் கூலிங் ஆகவில்லை என்ன செய்வது’, ‘பழைய ஃபிரிட்ஜ் விற்க’, ‘ஃபிரிட்ஜ் கேஸ்கெட் விலை’. இவை போக, பெரிய நிறுவனங்களின் பெயரோடு ‘வாடிக்கையாளர் சேவை எண்’ என்று தேடியவர்களே அதிகம். இவற்றில் எதையும் நான் கேட்கவில்லையே! மேலும், செலவில் ஒரு பகுதிக்கு என்ன தேடினார்கள் என்ற விவரமே இல்லாமல் ‘மற்ற தேடல் சொற்கள்’ என்று மொத்தமாக ஒரு வரி இருக்கிறது.

விளம்பரப் பணியாளர்:

நீங்கள் கேட்கவில்லைதான், ஆனால் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். கீவேர்டை எந்தக் குறியும் இல்லாமல் எழுதினால் அது ‘பிராட் மேட்ச்’ என்று கொள்ளப்படுகிறது. அதாவது, அந்தச் சொல்லோடு தொடர்புடையது என்று தளம் கருதும் எந்தத் தேடலுக்கும் உங்கள் விளம்பரம் செல்லலாம். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் அந்தப் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் செல்லும். சதுர அடைப்புக்குள் எழுதினால் (இதுதான் ‘எக்ஸாக்ட் மேட்ச்’) அதே பொருளுள்ள தேடல்களுக்கு மட்டும் செல்லும். ‘அதே சொல்’ என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். 2018க்குப் பிறகு ‘எக்ஸாக்ட் மேட்ச்’ என்பதும் ஒரே பொருள் தரும் வேறு சொற்களை உள்ளே அனுமதிக்கிறது. சொல்லுக்கு முன் கூட்டல் குறியிட்டு வரம்பு கட்டிய முறை 2021 ஜூலையோடு முடிந்துபோனது. பழைய வழிகாட்டிக் கட்டுரைகளில் அந்த முறையை இன்னும் பரிந்துரைத்திருப்பார்கள், பின்பற்ற வேண்டாம்.

வேண்டாத தேடல்களை நெகட்டிவ் கீவேர்டுகளாக, அதாவது விளம்பரம் வராமல் தடுக்கும் சொற்களாகச் சேர்ப்பதுதான் அடுத்த வேலை. இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் வாங்கும் கீவேர்டுகளுக்கு ஒருமை, பன்மை, இணைச்சொல் எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும் தளம், நீங்கள் தடுக்கும் சொற்களுக்கு அந்தத் தாராளத்தைக் காட்டுவதில்லை. ‘வகுப்பு’ என்று தடுத்தால் ‘வகுப்புகள்’ தடைபடாது. ‘பயிற்சி’ என்று தடுத்தால் ‘கோர்ஸ்’ தடைபடாது. 2024இலிருந்து எழுத்துப் பிழைகளை மட்டும் அதுவே சேர்த்துத் தடுக்கிறது. ஆகவே ஒரு சொல்லுக்குப் புழக்கத்திலுள்ள எல்லா வடிவங்களையும் நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும்.

உங்கள் பட்டியலில் பயிற்சி, வேலை, விற்க, நிறுவனச் சேவை எண் ஆகியவற்றை இன்றே தடுத்துவிடலாம். சேவை எண் தேடுபவர் உத்தரவாதக் காலத்திலுள்ள பொருளுக்காக அந்த நிறுவனத்தைத்தான் அழைக்க விரும்புகிறார். உங்களை அழைத்தாலும் விஷயம் தெரிந்தவுடன் வைத்துவிடுவார். ஆனால் ‘கூலிங் ஆகவில்லை என்ன செய்வது’ என்பதை அவசரப்பட்டுத் தடுக்காதீர்கள். அவர் முன்னால் ஒரு பழுதான பெட்டி இருக்கிறது. தானே சரிசெய்ய முயன்று முடியாமல் போனால் அடுத்த அழைப்பு யாருக்கோ போகத்தான் போகிறது. அதைத் தனிப் பிரிவாக்கி, குறைந்த ஏலத்தொகை (ஒரு கிளிக்குக்கு நீங்கள் தர முன்வரும் தொகை) வைத்து, அழைப்பு வருகிறதா என்று பாருங்கள்.

‘மற்ற தேடல் சொற்கள்’ வரி உங்கள் கணக்கில் மட்டுமல்ல, எல்லோருக்கும் இருப்பது. போதிய எண்ணிக்கையில் மக்கள் தேடிய சொற்களை மட்டுமே காட்டுவது என்று 2020 செப்டம்பரில் கூகுள் முடிவெடுத்தது. பணம் கட்டுபவருக்கே அவருடைய செலவின் ஒரு பகுதி தெரியாமல் போவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. பெரிய நிறுவனம் இதைத் தாங்கிக்கொள்ளும். மாதத்துக்குச் சில நூறு கிளிக்குகள் மட்டுமே வாங்குபவருக்கு இந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் எதை வைத்துத் திருத்திக்கொள்வார்?

கணக்கு எழுதுபவர்:

சொற்களைச் சலிப்பது தேவைதான். அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று விடுபட்டிருக்கிறது: ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுத்தால் உங்களுக்குக் கட்டுப்படியாகும்? போட்டியாளர்கள் கொடுக்கும் ஏலத்தொகையைப் பார்த்தோ தளம் பரிந்துரைக்கும் தொகையைப் பார்த்தோ சொல்லக்கூடிய விடை அல்ல இது. உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் வர வேண்டும்.

நூறு கிளிக்குகளில் பத்துப் பேர் அழைக்கிறார்கள், அழைப்பவர்களில் பாதிப் பேர் வேலை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிளிக்குக்கு ஐந்து வேலைகள். ஒரு வேலையில் உதிரி பாகம், போக்குவரத்து, பணியாளர் நேரம் எல்லாம் போகக் கையில் நிற்கும் தொகை எதுவோ, அதில் இருபதில் ஒரு பங்குதான் ஒரு கிளிக்கின் உச்ச மதிப்பு. அதைக் கொடுத்தால் உங்களுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. லாபம் வேண்டுமென்றால் அதற்கும் கீழே நிற்க வேண்டும். அழைத்தவர்களில் பாதிப் பேருக்குப் பதிலாகக் கால்வாசிப் பேர்தான் வேலை கொடுக்கிறார்கள் என்றால் அதே கிளிக்கின் மதிப்பும் பாதியாகிவிடும். இதிலிருந்து தெரிவது, தொலைபேசியை எடுத்துப் பேசும் விதமும் விளம்பரச் செலவின் ஒரு பகுதி என்பதுதான்.

மொத்த வருவாயை விளம்பரச் செலவால் வகுத்து ‘நான்கு மடங்கு திரும்பி வந்தது’ என்று மகிழ்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். கையில் நிற்பது வருவாயில் கால்பங்கு என்றால், நான்கு மடங்கு வருவாய் என்பது வெறும் சமநிலை. அதேபோல, சராசரியை நம்பிப் பட்ஜெட்டை இரட்டிப்பாக்குவதும் ஆபத்து. மலிவான, பொருத்தமான தேடல்களைத்தான் முதலில் வாங்குகிறோம். கூடுதல் பணம் விலையுயர்ந்த இடங்களையும் பொருத்தம் குறைந்த தேடல்களையும் வாங்கப் போகும். கூடுதலாகப் போட்ட தொகைக்கு மட்டும் எத்தனை வேலைகள் கூடின என்று தனியே பார்க்காவிட்டால், பழைய லாபம் புதிய நட்டத்தை மறைத்துவிடும்.

இணையக் கடைக்காரர்:

மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஏலத்தொகையை ஒவ்வொரு சொல்லுக்கும் கையால் வைத்துக்கொண்டும், தேடல் சொற்களை வரிவரியாகப் படித்துக்கொண்டும் இருந்தால் தொழிலை எப்போது பார்ப்பது? நான், ஏலத்தொகையைத் தளமே முடிவு செய்யும் தானியங்கி ஏலத்துக்கு மாறினேன். இப்போது பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்ற கூகுளின் தானியங்கி விளம்பரப் பிரசாரத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். விற்பனை முன்பைவிட நன்றாகவே நடக்கிறது. எந்த நேரத்தில், எந்தக் கருவியில், யார் வாங்குவார் என்பதை இயந்திரம் நம்மைவிட நன்றாகவே கணிக்கிறது. பழைய முறைகளைச் சிறுதொழில் செய்பவர்கள்மேல் சுமத்துவது சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

விளம்பரப் பணியாளர்:

உங்கள் தொழிலுக்கு அது பொருந்துவதில் வியப்பில்லை, நண்பரே. உங்கள் கடையில் வாங்கும் செயல் இணையத்திலேயே முடிகிறது. யார் எவ்வளவுக்கு வாங்கினார் என்ற உண்மையான தகவல் இயந்திரத்துக்குத் திரும்பிப் போகிறது. விற்பனை எண்ணிக்கையும் கற்றுக்கொள்ளப் போதுமானதாக இருக்கும். பழுதுபார்ப்பவரின் நிலை வேறு. அவருக்கு வேலை கிடைப்பது தொலைபேசியில். எந்த அழைப்பு வேலையானது, எது வீணானது என்று இயந்திரத்துக்கு யாரும் சொல்வதில்லை.

தானியங்கி ஏலம், ‘கன்வெர்ஷன்’ (கிளிக்கால் கிடைத்த பலன்) என்று நாம் எதைப் பெயரிட்டுக் கொடுக்கிறோமோ அதைத்தான் பெருக்கும். நான் திறந்து பார்த்த சிறு கணக்குகளில் தொடர்புப் பக்கத்தைப் பார்த்ததே கன்வெர்ஷன் என்று வைத்திருந்தவர்கள் உண்டு. அழைப்புப் பொத்தானைத் தொட்டதும், அழைத்ததும் என ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியவர்கள் உண்டு. விசாரணைப் படிவத்தை அனுப்பியதும் வரும் நன்றிப் பக்கத்தை ஒருவர் மூன்று முறை புதுப்பித்தால் மூன்று கன்வெர்ஷன் பதிவாகும்படி அமைத்திருந்தார்கள். விசாரணைகளுக்கு ஒரு கிளிக்குக்கு ஒன்று மட்டும் எண்ணும்படியும், விற்பனைக்கு ஒவ்வொன்றையும் எண்ணும்படியும் அமைப்பில் வழி இருக்கிறது. அழைப்பு இத்தனை விநாடிகளுக்கு மேல் நீடித்தால்தான் எண்ண வேண்டும் என்றும் வரம்பு வைக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் ‘கன்வெர்ஷனைப் பெருக்கு’ என்று பொறுப்பை ஒப்படைத்தால், அதிகம் தொட்டுப் பார்ப்பவர்களைத் தேடித்தேடி இயந்திரம் கூட்டிவரும். அறிக்கை பச்சையாக இருக்கும், பணியாளர்கள் வேலையின்றி உட்கார்ந்திருப்பார்கள்.

பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் 2021 நவம்பரில் எல்லா விளம்பரதாரர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தேடல், யூடியூப், ஜிமெயில், வரைபடம், பிற வலைத்தளங்கள் என எல்லா இடங்களிலும் ஒரே பட்ஜெட்டைப் பிரித்துச் செலவிடும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: அது கொண்டுவந்த விற்பனைகளில் எத்தனை, உங்கள் கடையின் பெயரையே தட்டச்சு செய்து வந்தவர்கள் வாங்கியவை?

இணையக் கடைக்காரர்:

அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. பெயரைத் தேடி வந்தவர்களும் வாடிக்கையாளர்கள்தானே?

கணக்கு எழுதுபவர்:

வாடிக்கையாளர்கள்தான், விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர்கள். ஈபே நிறுவனத்தில் நடந்த பெரிய கள ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. பிளேக், நாஸ்கோ, டடேலிஸ் ஆகிய மூவர் எழுதிய அந்த ஆய்வு 2015இல் எகானமெட்ரிகா என்ற பொருளாதார ஆய்விதழில் வெளிவந்தது. நிறுவனத்தின் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிய விளம்பரத்தை நிறுத்தியபோது, அந்த வருகைகளில் ஏறத்தாழ முழுவதும் கீழே இருந்த இலவச முடிவின் வழியாகவே வந்து சேர்ந்தன. மற்றச் சொற்களுக்கான விளம்பரம் புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் மட்டுமே பலன் தந்தது.

இதைச் சிறிய கடைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஈபேயை அறியாதவர் குறைவு. உங்கள் கடையின் பெயருக்கு அந்த வலிமை இருக்காது. உங்கள் பெயரையே கீவேர்டாக வைத்துப் போட்டியாளர் விளம்பரம் கொடுத்தால் நிலைமை இன்னும் மாறும். ஆகவே இது நீங்களே சோதிக்க வேண்டியது. பெயர்த் தேடலுக்கான விளம்பரத்தை மட்டும் சில வாரங்கள் நிறுத்தி, கடையின் மொத்த விற்பனை குறைகிறதா என்று பாருங்கள். விளம்பர அறிக்கையில் வரும் விற்பனை குறையத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து சோதனையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஒப்படைத்துப் பார்த்தவர்:

நான் உணவகங்களுக்குச் சமையல் கருவிகள் வழங்குகிறேன். விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தேன். மாதம்தோறும் அழகான அறிக்கை வரும்: எத்தனை முறை தோன்றியது, எத்தனை கிளிக், கிளிக் விகிதம் (தோன்றியதில் எத்தனை பங்கு கிளிக் ஆனது) எவ்வளவு கூடியது என்று பல பக்கங்கள். எத்தனை விசாரணை என்ற வரி இருக்காது. விலகும்போதுதான் கணக்கே அவர்களுடைய பெயரில் திறக்கப்பட்டது என்று தெரிந்தது. அதுவரை சேர்ந்த நெகட்டிவ் கீவேர்டுகள், எந்த விளம்பர வாசகம் எடுபட்டது என்ற வரலாறு, கன்வெர்ஷன் பதிவுகள், எதையும் அவர்கள் தரவில்லை. நான் பணம் கட்டி வாங்கிய அனுபவம் அவர்களிடமே தங்கிவிட்டது.

யாரையும் அமர்த்த வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணம் செலுத்தும் விவரத்தோடு நீங்களே திறந்து, அவர்களுடைய மேலாளர் கணக்கை (பல வாடிக்கையாளர்களின் கணக்குகளை நிர்வகிக்கும் கணக்கு) அதோடு இணைக்க அனுமதி கொடுங்கள். விலகும்போது இணைப்பைத் துண்டித்தால் போதும்; கணக்கு உங்களிடமே இருக்கும். விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுபவரிடம், செலவைக் குறைக்கும் ஆலோசனை எப்போதாவது வருமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். ‘மாற்றங்களின் வரலாறு’ என்ற பகுதியைத் திறந்தால் அவர்கள் எந்தத் தேதியில் என்ன வேலை செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். என் கணக்கில் தானாகவே ஏற்கப்பட்ட பரிந்துரைகளைத் தவிர மாதக்கணக்கில் வேறெதுவும் இல்லை என்று, பார்வை அனுமதி கேட்டு வாங்கிய பிறகு கண்டேன்.

விளம்பரப் பணியாளர்:

அந்தப் பரிந்துரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்கின் மேற்பகுதியில் 100 சதவீதத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் இருக்கும். பரிந்துரைகளை ஏற்க ஏற்க அது ஏறும். பொருந்தாது என்று தள்ளினாலும் ஏறும். பட்ஜெட்டைக் கூட்டுங்கள், பிராட் மேட்சுக்கு மாறுங்கள் என்பவையும் பரிந்துரைகளில் வரும். உங்கள் லாபத்தை அறியாத மதிப்பெண் அது. தானாக ஏற்கும் வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் படித்து முடிவெடுங்கள்.

பழுதுபார்ப்பவர் இன்னும் பார்க்க வேண்டியது இட அமைப்பை. புதிய பிரசாரத்தில் ‘இந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது இந்த இடத்தில் ஆர்வம் காட்டியவர்கள்’ என்ற தேர்வே முன்கூட்டி இடப்பட்டிருக்கும். வீட்டுக்கு நேரில் போய்ச் செய்யும் வேலைக்கு, எங்கோ இருந்துகொண்டு உங்கள் ஊரைப் பற்றித் தேடியவரால் பயன் இல்லை. ‘இருப்பவர்கள்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதே அமைப்புப் பக்கத்தில், பிற வலைத்தளங்களிலும் செயலிகளிலும் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் தேடல் கூட்டாளித் தளங்களும் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விளையாட்டுச் செயலியில் விரல் தவறிப்பட்ட தொடுதலும் கிளிக்காகவே கணக்கில் வரும்.

பழுதுபார்ப்பவர்:

இட அமைப்பு நீங்கள் சொன்னபடியே இருந்தது. டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் இயக்கத்தில்தான் இருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டேன். நேரவாரியான அறிக்கையையும் பார்த்தேன். விடியற்காலையிலிருந்தே செலவு தொடங்குகிறது. மக்கள் எங்களை அதிகம் அழைப்பதோ வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு. அந்த நேரத்தில் பட்ஜெட் இருப்பதில்லை. இப்போது நாங்கள் தொலைபேசியை எடுக்கும் நேரத்துக்கு மட்டும் விளம்பரம் ஓடும்படி அட்டவணை வைத்திருக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் போலிக் கிளிக்குகள் இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

விளம்பரப் பணியாளர்:

அறிக்கையில் ‘செல்லாத கிளிக்குகள்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தளமே கண்டுபிடித்துக் கழித்தவை அதில் தெரியும். அவற்றுக்குக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டியும் ஐயம் இருந்தால், குறுகிய நேரத்தில் ஒரே சொல்லுக்கு, ஒரே பகுதியிலிருந்து, பக்கத்தில் ஒரு விநாடிகூட நிற்காத வருகைகள் தொடர்ந்து வருகின்றனவா என்று வலைத்தளத்தின் சர்வர் பதிவில் (வருகைகள் தானாகப் பதிவாகும் கோப்பு) பாருங்கள். அப்படி இருந்தால் தேதி, நேரம், ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஆகியவற்றோடு விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு பிரசாரத்தில் 500 ஐபி முகவரிகள்வரை நீங்களே விலக்கவும் முடியும். ஆனால் கைபேசி இணைப்புகளில் ஒரே முகவரியைப் பலர் பகிர்வதுண்டு, முகவரியும் அடிக்கடி மாறும். தாராளமாக விலக்கினால் உண்மையான வாடிக்கையாளரையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடுவீர்கள். சந்தா மென்பொருள்கள் செய்வதில் பெரும்பகுதியும் இந்த விலக்கல்தான். உங்கள் செலவுக்கு அந்தச் சந்தா கட்டுப்படியாகாது என்றே நினைக்கிறேன்.

அந்தப் பணத்தை லேண்டிங் பக்கத்துக்கு, அதாவது கிளிக் செய்தவர் வந்து சேரும் பக்கத்துக்குச் செலவிடுங்கள். கூகுள் ஒவ்வொரு கீவேர்டுக்கும் 1 முதல் 10 வரை தர மதிப்பெண் காட்டுகிறது. எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதம், விளம்பரத்தின் பொருத்தம், லேண்டிங் பக்க அனுபவம் ஆகிய மூன்றையும் வைத்து வருவது அது. ஏலத்திலும் இந்தத் தன்மைகள் கணக்கில் சேர்வதால், பக்கம் மோசமாக இருப்பவர் அதே இடத்துக்கு அதிகத் தொகை கொடுக்க நேரும். உங்கள் விளம்பரம் எல்லாச் சாதனங்களும் கலந்த முகப்புப் பக்கத்துக்குப் போகிறது என்றால், ஃபிரிட்ஜுக்கென்று தனிப் பக்கம் ஒன்று எழுதுங்கள். தொலைபேசி எண் மேலேயே இருக்கட்டும். எந்தப் பகுதிகளுக்கு வருவீர்கள், வந்து பார்ப்பதற்கே கட்டணம் உண்டா என்பதும் தெளிவாக இருக்கட்டும். கட்டணம் உண்டென்றால் விளம்பர வாசகத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். விருப்பமில்லாதவர் கிளிக் செய்ய மாட்டார். கிளிக் விகிதம் சற்றுக் குறையும், ஆனால் உங்களுக்குத் தேவையானவர்கள் வருவார்கள்.

கணக்கு எழுதுபவர்:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். தொலைபேசி அருகே ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம், என்ன பழுது, எங்களை எப்படி அறிந்தீர்கள் என்ற கேள்விக்கான பதில், வேலையானதா இல்லையா ஆகிய நான்கையும் பணியாளர்களை எழுதச் சொல்லுங்கள். ஏலத்தொகையை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. நூறு கிளிக்குகளுக்கு எத்தனை வேலை என்பது அந்தக் குறிப்பேட்டிலிருந்து கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். உங்கள் கிளிக்கின் உச்ச மதிப்பைச் சேர்ந்தே கணக்கிடலாம்.